முச்சந்தியில் முறியும் மெஷ்
வாசகர் கேள்வி – பதில்

வெளிப்பார்வைக்கு ஒரே கட்டியாகத் தெரியும் எஃகுத் தகடு, உண்மையில் கோடிக்கணக்கான சிறு படிகங்கள் இடைவெளியின்றி ஒட்டி நிற்கும் தொகுப்பு என்பதையும், அந்தப் படிகங்கள் ஒவ்வொன்றையும் சிறு சிறு நான்முகிகளாகப் பிரித்து, ஃபைனைட் எலிமென்ட் முறையில் அவற்றின் தகைவை, அதாவது ஓர் அலகுப் பரப்பு தாங்கும் விசையை, கணக்கிடலாம் என்பதையும் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அப்படிப் பிரித்த துண்டு ஒன்றுக்கு எலிமென்ட் என்றும், துண்டுகள் சேர்ந்த வலைக்கு மெஷ் என்றும் பெயர். அதையொட்டி வந்த கடிதங்களில் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஆய்வகத்தில் கிரெயின் என்று சொல்லப்படுவதை இங்கே மணி என்றே எழுதுகிறேன். இரண்டு மணிகள் ஒரு முகத்தில் ஒட்டும். மூன்று மணிகள் ஒரு கோட்டில் கூடும். நான்கு மணிகள் ஒரு புள்ளியில் கூடும். அந்தக் கோட்டை முச்சந்தி என்றும், அந்தப் புள்ளியை நாற்சந்தி என்றும் அழைப்போம்.

கேள்வி: நான் கருப்பூரில் முதுகலை உலோகவியல் பயிலும் மாணவி. குளிர்நிலையில் உருட்டிப் பின்னர் அனீல் செய்த (சூடாக்கிப் பதப்படுத்திய) 304 வகைத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அடுக்கடுக்காக மெருகேற்றி, ஒவ்வோர் அடுக்கையும் படிகங்களின் திசையை எலக்ட்ரான் கதிரால் காட்டும் இபிஎஸ்டி முறையில் படமெடுத்து, ஏறத்தாழ 200 மணிகள் கொண்ட முப்பரிமாணப் படத்தைத் தொகுத்திருக்கிறேன். ஒவ்வொரு மணியையும் மேற்பரப்பை முக்கோணங்களாகச் சேமிக்கும் தனித்தனி எஸ்டிஎல் கோப்பாக்கி, வழவழப்பாக்கி, ஒன்றாகச் சேர்த்து மெஷ் செய்தால், முக்கோணங்கள் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்ற செய்தியோடு நின்றுவிடுகிறது. எலிமென்ட் அளவைப் பாதியாகக் குறைத்தேன், பிழைகள் கூடின. கோப்புகளைப் பழுதுபார்க்கும் மென்பொருளில் கொடுத்தேன். சில மணிகளே காணாமற்போயின. மூன்று மாதங்கள் கழிந்துவிட்டன. என்ன செய்வது, ஐயா?

பதில்: எலிமென்ட் அளவை இனித் தொடாதீர்கள், அம்மா. உங்கள் பிழை கன மெஷ் உருவாகும் கட்டத்தில் தெரிகிறதே தவிர, அங்கே பிறக்கவில்லை. டெட்ஜென், ஜிமெஷ் போன்ற மென்பொருள்கள், நாம் கொடுக்கும் மேற்பரப்பு முக்கோணங்களை வேலியாக ஏற்றுக்கொண்டு அதன் உட்புறத்தை நான்முகிகளால் நிரப்புகின்றன. அந்த வேலி தன்னைத்தானே குறுக்கே வெட்டிக்கொண்டால் எது உள், எது வெளி என்பதே தீர்மானமாகாது. அளவைக் குறைக்கும்போது, ஏற்கெனவே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் இரண்டு பரப்புகளிலும் முக்கோணங்கள் பெருகுகின்றன. ஆகவே வெட்டிக்கொள்ளும் இணைகளும் பெருகுகின்றன. பிழைகள் கூடியதற்குக் காரணம் இதுவே.

வேலி ஏன் கெட்டது என்று பார்ப்போம். ஒரே வரப்பைப் பங்காளிகள் இருவர் தனித்தனியாகக் கயிறு பிடித்து அளந்து, அவரவர் கணக்குப்படி அவரவர் கல் நட்டால், ஓரிடத்தில் யாருக்கும் சேராத துண்டு நிலம் விழும். இன்னோரிடத்தில் இருவரும் உரிமை கொண்டாடும் துண்டு விழும். நீங்கள் ஒவ்வொரு மணியையும் தனியே எடுத்து வழவழப்பாக்கியபோது நடந்தது அதுதான். பதினேழாம் மணிக்கும் பதினெட்டாம் மணிக்கும் இடையிலுள்ள எல்லை ஒன்றே ஒன்று. உங்கள் கோப்புகளிலோ அது இரண்டாக இருக்கிறது; இரண்டும் பொருந்தவில்லை.

முச்சந்தியில் நிலைமை இன்னும் மோசம். வாக்சல் என்ற சிறு கனசதுரங்களாலான படத்திலிருந்து மேற்பரப்பை எடுக்க நீங்கள் பயன்படுத்தியிருக்கக்கூடிய மார்ச்சிங் கியூப்ஸ் முறையை லோரென்சனும் கிளைனும் 1987-இல் வெளியிட்டார்கள். மருத்துவப் படங்களில் எலும்பின் பரப்பைப் பிரித்துக் காட்டுவது போன்ற வேலைக்கு அது அருமையானது. ஏனெனில் அங்கே உள்ளே, வெளியே என்று இரண்டு நிலைகள் மட்டுமே உண்டு. மூன்று மணிகள் கூடும் கோட்டில் அந்த முறையை மணிக்கு ஒருமுறை ஓட்டினால், ஒவ்வொரு மணியும் தன் மூலையைத் தானே மழுக்கிக்கொள்கிறது; நடுவில் எந்த மணிக்கும் சொந்தமில்லாத மெல்லிய சுரங்கம் ஒன்று முச்சந்தி நெடுகிலும் உண்டாகிறது. 200 மணிகளில் அத்தகைய சுரங்கங்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கும்.

ஆகவே எஸ்டிஎல் கோப்புகள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டு வாக்சல் படத்துக்கே திரும்புங்கள். அதில் உள்ள எல்லா மணிகளுக்கும் சேர்த்து ஒரே பரப்பு வலையை எடுக்க வேண்டும். ஒவ்வொரு முக்கோணமும் ஒருமுறை மட்டுமே இருக்க வேண்டும். அதன் இரு பக்கங்களிலும் எந்தெந்த மணிகள் உள்ளன என்ற இரண்டு எண்களை அது தாங்கியிருக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ட்ரீம்.3டி மென்பொருளில் உள்ள ‘குவிக் சர்ஃபேஸ் மெஷ்’ என்ற வடிகட்டி இதைத்தான் செய்கிறது. அதோடு, ஒவ்வொரு கணுவும், அதாவது முக்கோணங்களின் மூலைப்புள்ளியும், சாதாரண எல்லையில் உள்ளதா, முச்சந்தியில் உள்ளதா, நாற்சந்தியில் உள்ளதா என்பதையும் குறித்துவைக்கிறது.

அந்தக் குறிப்பு வழவழப்பாக்கும்போது கைகொடுக்கும். லாப்லாசியன் முறை ஒவ்வொரு கணுவையும் அதன் அண்டைக் கணுக்களின் சராசரி இடத்துக்கு நகர்த்துகிறது; எல்லாக் கணுக்களையும் ஒரே அளவு தாராளமாக நகரவிட்டால் முச்சந்திக் கோடுகள் வளைந்து இழுபட்டு, சிறு மணிகள் சுருங்கிப்போகும். ட்ரீம்.3டியில் முச்சந்திக்கும் நாற்சந்திக்கும் வெளிப்பரப்புக்கும் தனித்தனி லாம்டா மதிப்பு (எவ்வளவு நகரலாம் என்ற அளவு) கொடுக்கலாம். நான் முதலில் நாற்சந்திகளை அசையாமல் பிடித்துக்கொண்டு முச்சந்திக் கோடுகளை மட்டும் இழைத்து, பிறகு அந்தக் கோடுகளையும் பிடித்துக்கொண்டு முகங்களை இழைப்பேன். தச்சர் சட்டத்தை நேர்செய்த பிறகே பலகையை இழைப்பதைப் போன்றது இது. சுருக்கம் தொல்லை தந்தால், ஒரு படி உள்ளே நகர்த்தி மறு படி வெளியே நகர்த்தும் டாபின் முறையை, 1995-இல் வந்தது, முயன்று பாருங்கள். எந்த முறையானாலும், முடிந்தபின் ஒவ்வொரு மணியின் கன அளவையும் கணக்கிட்டு, அதன் வாக்சல் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஐந்து விழுக்காட்டுக்கு மேல் மாறியிருந்தால் இழைத்தது அதிகம் என்று நான் கொள்வேன்.

பழுதுபார்க்கும் மென்பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை பெரும்பாலும் முப்பரிமாண அச்சுக்காக எழுதப்பட்டவை. அங்கே ஒரு விளிம்பைச் சரியாக இரண்டு முக்கோணங்களே பகிர வேண்டும். மூன்றாவது ஒன்று வந்தால் அது குறை, ஆகவே நீக்கிவிடும். நம் முச்சந்தியிலோ மூன்று முக்கோணங்கள் ஒரு விளிம்பைப் பகிர்வதுதான் முறை. உங்கள் மணிகள் காணாமற்போன மர்மம் இவ்வளவுதான். மென்பொருள் தன் கடமையைச் செய்தது.

இனி வாக்சல் படத்திலேயே இருக்கக்கூடிய கோளாறுகள். இரண்டு அல்லது மூன்று வாக்சல்களே கொண்ட மணிகள் பெரும்பாலும் மெருகேற்றலில் விழுந்த கீறலோ, அடையாளம் காணத் தவறிய புள்ளியோதான். ஒரே எண் கொண்ட மணி இரண்டு துண்டுகளாகக் கிடப்பதும், இரண்டு துண்டுகள் மூலையோடு மூலை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்பதும் உண்டு. பின்னது மிகக் கொடியது; ஏனெனில் அந்த ஒற்றைப் புள்ளியில் பரப்பு தன்னைத்தானே கிள்ளிக்கொள்கிறது. முகத்தோடு முகம் ஒட்டியவற்றை மட்டுமே ஒரே மணியாகக் கொண்டு மறுபடியும் எண்ணிடுங்கள். ஐம்பது வாக்சலுக்குக் குறைந்தவற்றைப் பக்கத்து மணியோடு சேர்த்துவிடுங்கள். இந்த ஐம்பது என்பது என் வழக்கமே ஒழிய விதியன்று. இந்த வேலையில் நான் இறங்கிய புதிதில் எலிமென்ட் அளவையும் மென்பொருள் பதிப்பையும் மாற்றி மாற்றி இரண்டு வாரங்களைக் கழித்தேன். கடைசியில் பார்த்தால் மூன்று வாக்சல் மணி ஒன்று ஒரு நாற்சந்தியின்மேல் உட்கார்ந்திருந்தது.

குறையுள்ள மணியைத் தேட இரண்டு எளிய சோதனைகள் உண்டு. ஒரு மணியின் மேற்பரப்பை மட்டும் பிரித்தெடுத்தால் அதன் ஒவ்வொரு விளிம்பையும் சரியாக இரண்டு முக்கோணங்கள் பகிர வேண்டும். மேலும் கணுக்களின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளைக் கழித்து முக்கோணங்களைக் கூட்டினால் 2 வர வேண்டும். வேறு எண் வந்தால் அந்த மணியில் துளையோ கிள்ளலோ இருக்கிறது, அல்லது அதற்குள் இன்னொரு மணி முழுதாக அடங்கியிருக்கிறது. பத்து வரி நிரல் போதும். மாதிரியைப் பாதி பாதியாக வெட்டி மெஷ் செய்து பார்க்கும் வழியும் உண்டு. ஆனால் குறை வெட்டுக்கோட்டிலேயே இருந்தால் இரு பாதிகளும் தேறிவிடும், சேர்த்தால் தோற்கும். ஆகவே ஐயத்துக்குரிய மணியை அதன் அண்டை மணிகள் அனைத்தோடும் எடுத்துச் சோதிப்பது மேல்.

உங்கள் எஃகுக்கே உரிய ஒரு தொல்லை இன்னும் இருக்கிறது. அனீல் செய்த 304 எஃகில் இரட்டைப் படிகங்கள், ஆய்வகத்தில் ட்வின் என்பவை, மெல்லிய தட்டுகளாக மணிகளின் குறுக்கே ஓடும். சேலம் இரும்பாலைத் தகட்டை மெருகேற்றி அமிலத்தில் அரித்து நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு அந்த இணைகோடுகள் நன்கு பழகியவை. அவை தாய் மணியோடு 111 எனப்படும் படிகத் திசையைச் சுற்றி 60 பாகை திரும்பியிருப்பதால், மென்பொருள் அவற்றைத் தனி மணிகளாகவே எண்ணும். உங்கள் ஆய்வு ட்வின்களைப் பற்றியதல்ல என்றால், மணிகளைப் பிரிக்கும் கட்டத்திலேயே அவற்றைத் தாய் மணியோடு சேர்த்துவிடுங்கள். அதை உங்கள் அறிக்கையிலும் மறைக்காமல் எழுதுங்கள். அவை வேண்டும் என்றால், தட்டின் தடிப்புக்குக் குறுக்கே இரண்டு மூன்று எலிமென்ட்களாவது நிற்க வேண்டும். அதற்கு முன், படத்தில் அந்தத் தடிப்புக்குக் குறைந்தது நான்கைந்து வாக்சல்களாவது இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். படத்தில் இல்லாத விவரத்தை மெஷ் தராது.

கேள்வி: மெஷ் செய்யும் மாதிரியின் அளவுகளை மீட்டரில் கொடுப்பதா, மில்லிமீட்டரில் கொடுப்பதா, மைக்ரோமீட்டரில் கொடுப்பதா? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். — அஸ்தம்பட்டி வாசகர்

பதில்: மைக்ரோமீட்டரில் கொடுங்கள். நீளத்தை மைக்ரோமீட்டரிலும் விசையை மைக்ரோநியூட்டனிலும் வைத்துக்கொண்டால் தகைவு மெகாபாஸ்கலில் தானாக வந்து நிற்கும். எஃகின் மீட்சிக் குணகத்தை 2,00,000 என்று வழக்கம்போலவே எழுதலாம். மீட்டரில் கொடுப்பதில் ஆபத்து இருக்கிறது. இரண்டு புள்ளிகளை ஒரே புள்ளி என்று கொள்ளும் இடைவெளியைப் பல மென்பொருள்கள் மாறாத எண்ணாக வைத்திருக்கின்றன; ஜிமெஷில் அதன் இயல்பு மதிப்பு 0.00000001. மீட்டர் கணக்கில் அது பத்து நானோமீட்டர். 50 மைக்ரோமீட்டர் மணிகளுக்கு இடையே அதைவிடக் குறுகிய விளிம்பு ஏதேனும் இருந்தால், அதன் இரு முனைகளும் ஒன்றாகி, அடுத்துள்ள முகம் மடிந்துபோகலாம். இன்னொன்று: நுண்ணோக்கி மேடையின் ஆயங்களை அப்படியே கொண்டுவராமல், மாதிரியின் ஒரு மூலையைச் சுழியாக்கிக்கொள்ளுங்கள். பைனரி எஸ்டிஎல் கோப்பு ஒவ்வோர் எண்ணையும் 32 பிட்டில்தான் வைக்கிறது. ஏழு இலக்கங்களுக்கு மேல் அதற்கு நினைவில்லை.

கேள்வி: ஐந்து ரோட்டில் ஒரு சிறு வடிவமைப்பு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். உண்மையான படம் எங்களிடம் இல்லை. நெப்பர் மென்பொருளில் 500 மணிகள் கொண்ட வோரோனாய் மாதிரியை உருவாக்கினோம். மெஷ் பிழையின்றி முடிந்தது. ஆனால் காலத்தைச் சிறு படிகளாக நேரடியாக முன்னேற்றும் எக்ஸ்ப்ளிசிட் முறையில் கணக்கிட்டால் காலப்படி மிகச் சிறியதாகி ஒரு வாரம் ஓடும் என்கிறது. ஒவ்வொரு படியிலும் சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்கும் இம்ப்ளிசிட் முறையில் சில எலிமென்ட்கள் நொறுங்கி நின்றுவிடுகிறது. மெஷ் சரியாகத்தானே இருக்கிறது?

பதில்: மெஷ் முடிந்தது என்பது வேறு, மெஷ் தேறியது என்பது வேறு. விதைப்புள்ளிகளைத் தூவி, ஒவ்வொரு விதைக்கும் மிக அருகிலுள்ள இடமெல்லாம் அதற்கே சொந்தம் என்று பிரிப்பது வோரோனாய் பிரிவினை. இன்றைய உக்ரைனில் பிறந்து 1908-இல் நாற்பது வயதில் மறைந்த கணிதர் ஜார்ஜி வோரோனாயின் பெயர் அது. விதைகளை முற்றிலும் தற்செயலாகத் தூவினால் ஒரு மணிக்குச் சராசரியாக 15.5 முகங்களும் 40-க்குச் சற்று மேற்பட்ட விளிம்புகளும் அமையும். ஒவ்வொரு விளிம்பும் ஒரு முச்சந்தி, அதை மூன்று மணிகள் பகிர்கின்றன. எனவே 500 மணிகளுக்கு ஏறத்தாழ 6,800 விளிம்புகள். அவற்றுள் சில, மணியின் அளவில் நூற்றில் ஒரு பங்கோ ஆயிரத்தில் ஒரு பங்கோதான் இருக்கும். எந்த மென்பொருளானாலும் அந்தக் குட்டை விளிம்பின் இரு முனைகளிலும் கணு வைத்தே ஆக வேண்டும். அங்கே பிறக்கும் எலிமென்ட்டும் அந்த அளவினதாகவே இருக்கும்.

எக்ஸ்ப்ளிசிட் முறையில் காலப்படி, மிகச் சிறிய எலிமென்ட்டை ஒலி கடக்கும் நேரத்துக்கு மேல் போகக் கூடாது. எஃகில் ஒலி வினாடிக்கு 5,000 மீட்டருக்குச் சற்று மேல் செல்லும் என்பதால், ஒரு மைக்ரோமீட்டர் எலிமென்ட்டுக்கு 0.2 நானோ வினாடி கிடைக்கும். அதில் நூற்றில் ஒரு பங்கு அளவுள்ள ஒரே ஒரு எலிமென்ட் இருந்தாலும் மொத்த மாதிரியும் நூறு மடங்கு மெதுவாகும். ஊர்வலத்தின் வேகம் கடைசியில் நடப்பவரின் வேகம்.

இதற்கு மருந்து நெப்பரிலேயே இருக்கிறது. ரெகுலரைசேஷன் என்ற தேர்வை இயக்கினால், குறிப்பிட்ட நீளத்துக்குக் குறைந்த விளிம்புகளை நீக்கி, அதனால் தட்டையான முகங்கள் சிறிதளவு வளைவதை ஏற்றுக்கொள்கிறது. அந்த வளைவைக் கண்டு அஞ்ச வேண்டாம். உண்மையான உலோகத்தின் மணி எல்லைகளும் தட்டையானவை அல்ல. இதோடு, நெப்பர் ஒரே பகுதியைப் பல வழிமுறைகளால் மெஷ் செய்து அவற்றுள் சிறந்ததைத் தேர்ந்துகொள்ளும் வசதியும் கொண்டது. அந்த மெஷ் வேலையைப் பின்னணியில் செய்வது ஜிமெஷ்தான் என்பதால், உங்கள் கணினியில் உள்ள ஜிமெஷ் மிகப் பழைய பதிப்பாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நொறுங்கும் எலிமென்ட்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். இருபரிமாணத் தளத்தில், புள்ளிகளை முக்கோணங்களாக இணைக்கும் டெலோனே முக்கோணமாக்கம் மிகச் சிறிய கோணத்தை இயன்றவரை பெரிதாக வைத்திருக்கும். போரிஸ் டெலோனே 1934-இல் வெளியிட்ட அந்தக் கருத்து முப்பரிமாணத்துக்கும் பொருந்துவதுதான். ஆனால் கோணத்துக்கான அந்த உறுதி மட்டும் முப்பரிமாணத்தில் இல்லை. ஒரு கோளத்தின் நடுவட்டத்தை ஒட்டி நான்கு கணுக்கள் அமைந்துவிட்டால், விளிம்புகள் எல்லாம் ஒழுங்கான நீளத்தில் இருக்க, கன அளவு மட்டும் ஏறத்தாழச் சுழியாகிவிடும். அப்பளம் போன்ற இந்த நான்முகிகளை விளிம்பு நீள விகிதத்தைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது. பலரும் ஏமாறுவது இங்கேதான். இரண்டு முகங்களுக்கு இடையிலுள்ள இருமுகக் கோணத்தைக் கேளுங்கள். ஒழுங்கான நான்முகியில் அது 70.5 பாகை. பத்துக்குக் கீழோ 165-க்கு மேலோ போனவற்றைத் தனியே எடுத்துப் பாருங்கள்; அவை மணி எல்லையை ஒட்டியே குவிந்திருந்தால் குறை எல்லையில் இருக்கிறது, மணியின் உள்ளே சிதறியிருந்தால் ஜிமெஷின் ஆப்டிமைஸ் கட்டளையே பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடும்.

நான்கு கணுக்கள் மட்டும் கொண்ட நான்முகியைப் பயன்படுத்துகிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் மாற்றிவிடுங்கள். உலோகம் நெகிழும்போது அதன் கன அளவு மாறுவதில்லை. அந்தக் கட்டுப்பாட்டை நான்கு கணு நான்முகி தாங்க மாட்டாமல் விறைத்துக்கொண்டு, தகைவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். அபாகஸ் மென்பொருளில் பத்துக் கணு கொண்ட சி3டி10 அல்லது அதன் திருத்திய வகை பொருத்தம். ஆனால் விளிம்பின் நடுக்கணுக்களை வளைந்த மணி எல்லையின்மேல் கொண்டுபோய் ஒட்ட வைக்காதீர்கள். அவை நேர்க்கோட்டிலேயே நிற்கட்டும். ஒட்ட வைத்தால் ஜக்கோபியன் எதிர்மறையாகும், அதாவது உள்வெளியாகப் புரண்டுவிடும், எலிமென்ட்கள் பத்திருபதாவது முளைக்கும்.

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கும் நிலவியல் ஆய்வு மாணவன் நான். மலைப்பாதையில் வெட்டப்பட்ட சார்னோக்கைட் பாறையிலிருந்து எடுத்த உருளை மாதிரியை எக்ஸ்-ரே சிடி படமெடுத்து, அதன் மணிகளை மெஷ் செய்ய விரும்புகிறேன். படத்தில் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் தெளிவாகத் தெரிகிறது. மற்றவை அனைத்தும் ஒரே மந்தையாகக் கலந்துவிடுகின்றன. மெஷ் செய்தால் ஆயிரம் முகங்கள் கொண்ட ஒரே ஒரு பூத மணி வருகிறது. வாக்சலையே எலிமென்ட்டாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: சேர்வராயன் மலையின் உடம்பே இந்தப் பாறைதான். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடக்கும் கல், சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரம் பகுதியிலிருந்து போனது. அதைப் பார்த்து நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இப்பாறை வகைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். ஏற்காட்டுக்காரருக்கு இது புதிய செய்தியாக இராது. எழுத எனக்குத்தான் ஆசை.

உங்கள் பூத மணிக்கு மெஷ் மென்பொருள் பொறுப்பல்ல. எக்ஸ்-ரே சிடி காட்டுவது எந்தப் பொருள் எவ்வளவு கதிரை விழுங்குகிறது என்பதை மட்டுமே. இரும்பு கலந்த ஹைப்பர்ஸ்தீன் அதிகம் விழுங்குவதால் பளிச்சென்று தெரிகிறது. குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் அடர்த்தியில் ஏறத்தாழ ஒன்றே. சாம்பல் நிறத்தில் அவற்றைப் பிரிப்பது கடினம். அதைவிட முக்கியம், ஒரு குவார்ட்ஸ் மணிக்கும் பக்கத்துக் குவார்ட்ஸ் மணிக்கும் உள்ள எல்லை இந்தப் படத்தில் அறவே தெரியாது, ஏனெனில் இரு புறமும் ஒரே பொருள். உங்களிடம் இருப்பது கனிமங்களின் படம். மணிகளின் படம் அல்ல. எனவே நூறு மணிகள் ஒன்றாகி உங்கள் பூதம் பிறந்தது.

இரண்டு வழிகள் உண்டு. உங்கள் கேள்வி ஹைப்பர்ஸ்தீனுக்கும் மற்றவற்றுக்கும் இடையிலுள்ள விறைப்பு வேறுபாட்டைப் பற்றியது மட்டும் என்றால், இரண்டு பொருள்கள் கொண்ட மாதிரியாகவே வைத்துக்கொள்ளுங்கள். மணி என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். மணி எல்லையில் விரிசல் எப்படிப் பிறக்கிறது என்பதே கேள்வி என்றால், அதே மாதிரியிலிருந்து 0.03 மில்லிமீட்டர் தடிப்புள்ள மென்சீவலை வெட்டி, குறுக்குத் துருவ ஒளியில் படமெடுங்கள். அங்கே ஒவ்வொரு மணியும் வெவ்வேறு நிறத்தில் நிற்கும். முச்சந்திகள் பலவற்றில் எல்லைகள் 120 பாகையை ஒட்டிக் கூடுவதையும் காண்பீர்கள். அந்த இருபரிமாணப் படத்தை மெஷ் செய்து விடை பெறுவது, பொய்யான முப்பரிமாணத்தை மெஷ் செய்வதைவிடப் பன்மடங்கு நேர்மையானது. மணிகளின் அளவுப் பரவலை அந்தச் சீவலிலிருந்து எடுத்து, அதற்கேற்ற செயற்கை முப்பரிமாண மாதிரியை நெப்பரில் உருவாக்குவதும் ஏற்கத்தக்கதே. ஃபெல்ஸ்பாருக்குள் தெரியும் மெல்லிய வரிகளை மட்டும் மணிகளாகப் பிரித்துவிடாதீர்கள். கருப்பூர் வாசகிக்கு ட்வின்கள் செய்ததை அவை உங்களுக்குச் செய்யும்.

வாக்சலையே எலிமென்ட்டாக வைப்பதைப் பலர் ஏளனம் செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். மொத்தப் பாறையின் சராசரி விறைப்பு வேண்டும் என்றால் அது போதும். மெஷ் தோற்பது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. ஒழுங்கான கட்டத்தின்மேல் ஃபூரியே உருமாற்றத்தால் விடை காணும் டாமாஸ்க் போன்ற மென்பொருள்களுக்கு மெஷ்ஷே தேவையில்லை. ஆனால் அந்த முறை மாதிரி எல்லாத் திசைகளிலும் திரும்பத் திரும்ப வருவதாகக் கொள்ளும் என்பதை மறக்கக் கூடாது. எல்லையில் உள்ள தகைவைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள் என்றால், வாக்சலின் படிக்கட்டு ஓரங்கள் ஒவ்வொரு படியிலும் இல்லாத தகைவு முனைகளைக் காட்டும். அங்கே விரிசல் பிறந்தால் அது பாறையின் விரிசலா, படிக்கட்டின் விரிசலா என்று உங்களால் சொல்ல முடியாது.

கேள்வி: செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். என் மகள் இரும்பின் மணிகளைக் கணினியில் ஆராய்கிறாளாம். இருக்கிற 16 ஜிபி கணினி போதாது, ஒன்றரை லட்ச ரூபாயில் புதியது வேண்டும் என்கிறாள். தேவைதானா ஐயா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். உங்கள் மகளின் மாதிரியில் 200 மணிகள், மணிக்கு 1,000 எலிமென்ட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2,00,000. பத்துக் கணு நான்முகியானால் அதற்கு ஏறத்தாழ 2,80,000 கணுக்கள். கணுவுக்கு மூன்று வீதம் 8,40,000 சமன்பாடுகள். நேரடித் தீர்வு முறையில் இதற்கு 16 ஜிபி நினைவகம் திணறும். அந்த அளவில் அவர் கேட்பது நியாயம்தான்.

ஆனால் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: மணிக்கு 1,000 எலிமென்ட் ஏன் வேண்டும்? முதலில் 20 மணிகள் கொண்ட சிறு மாதிரியை எடுத்து, மணிக்கு 100, 300, 1,000 என்று மூன்று விதமாக மெஷ் செய்து, தமக்கு வேண்டிய விடை எந்த இடத்தில் மாறாமல் நிற்கிறது என்று பார்க்கட்டும். அது இப்போதுள்ள கணினியிலேயே நடக்கும். தகட்டின் சராசரி இழுவிசை வளைகோடு மட்டும் வேண்டுமென்றால் 100 அளவிலேயே நின்றுவிடக் கூடும். மணி எல்லையை ஒட்டிய தகைவு வேண்டுமென்றால் 1,000-மும் போதாமல் போகலாம். பட்டறையில் கம்பி இழுக்கும்போது எத்தனை துளை தாண்டியபின் வெள்ளியைக் காய்ச்ச வேண்டும் என்பதை ஒரு முழம் கம்பியில் பார்த்துவிட்டுத்தானே முழுச் சுருளில் கை வைப்பீர்கள்? அந்த மூன்று விடைகளையும் ஒரே தாளில் வரைந்து உங்களிடம் காட்டியபிறகு, புதியது வேண்டுமென்று அவர் சொன்னால், நினைவகத்தைக் கூட்டிக்கொள்ள இடமுள்ள மேசைக் கணினியாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். அதே பணத்துக்கு மடிக்கணினியில் கிடைப்பதைவிட அதில் நினைவகம் அதிகம் கிடைக்கும்.